நீட்டிப்பை நம்பி வைத்த முட்டை

பொருட்காட்சி முடிந்த மறுநாள் மைதானம் கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரி இருக்கும். ராட்டினத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அப்பளக் கடைக்காரர் எண்ணெய்ச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். எங்கள் கால்நடைத் துறை அரங்கில் மட்டும் நாங்கள் மூன்று பேர் ஒரு கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி நின்று எலக்ட்ரீசியனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தோம்.

"மெயினையே புடுங்கிப்போட்டேனுங்க. இனி ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு அவர் வயரைச் சுருட்டினார்.

பெட்டி, முட்டை பொரிக்கும் இன்குபேட்டர். உள்ளே இரண்டு டஜன் நாட்டுக்கோழி முட்டைகள். பொரிக்க இன்னும் மூன்று நாள் இருந்தது.

பொருட்காட்சி முடியும் தேதி தெரிந்தும் ஏன் வைத்தீர்கள் என்று இப்போது வேலைக்கு வந்திருப்பவர்கள் கேட்பார்கள். தொண்ணூறுகளில் கோவையில் அரசுப் பொருட்காட்சியை எந்த வருஷமும் சொன்ன தேதியில் முடித்ததில்லை. 'பொதுமக்களின் வேண்டுகோளுக்கிணங்க' ஒரு வாரம் நீட்டிப்பார்கள். எந்தப் பொதுமகனும் வேண்டியதை நான் பார்த்ததில்லை, அது வேறு விஷயம். அந்த வாரத்தைக் கணக்கில் வைத்தே எல்லாத் துறைக்காரர்களும் திட்டம் போடுவோம். அந்த வருஷம் நிறைவு விழாவுக்கு வர வேண்டியவருக்கு வேறு தேதி ஒத்துவரவில்லை. சொன்ன தேதியிலேயே முடித்துவிட்டார்கள். அரசாங்கம் சொன்ன சொல்லைக் காப்பாற்றும் என்று நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை.

கடைசியாக வைக்கும் முட்டைகளில் பொரிக்கும் குஞ்சுகள், அவற்றைத் தினமும் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டவருக்கு. இது எங்கள் அரங்கின் வழக்கம். பார்த்துக்கொண்டவர் சரசக்கா, சரவணம்பட்டியிலிருந்து தினக்கூலிக்கு வந்தவர். குஞ்சுகளை நம்பி வீட்டில் கூண்டுகூடக் கட்டி வைத்திருந்தார். சூடு இருக்கிறதா என்று கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

டாக்டர், அதாவது எங்கள் கால்நடை மருத்துவர், வியர்வையைத் துடைத்தார். பொருட்காட்சி நடந்த நாளெல்லாம் மைக்கில் முழங்கியவர் அவர்தான். "விவசாயப் பெருமக்களே, இந்த மிஷின் இருந்தா இனிக் கோழியே வேண்டாம்!" ஒருநாள் கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர், "அப்ப முட்டைய யாருங்க போடுவாங்க?" என்று கேட்டு மொத்தக் கூட்டத்தையும் சிரிக்க வைத்துவிட்டார். டாக்டருக்கு முகம் சுண்டிப்போனது. "வழிய விட்டு நகருங்க" என்று விரட்டினார்.

அதே டாக்டர் இப்போது தாழ்ந்த குரலில், "சரசு, உங்க பக்கம் அடைக்கோழி எங்காச்சும் இருக்குதா?" என்றார்.

"எங்கூட்ல இல்லீங்க. பக்கத்துத் தோட்டத்துல ரெண்டு அடைக்கு உட்கார்ந்திருக்குதுங்க. ஆனா..." என்று இழுத்தார் சரசக்கா.

"ஆனாவெல்லாம் அப்புறம். ஜீப்புல ஏறு."

டீக்கடையில் வெந்நீர் வாங்கி இரண்டு பாட்டிலில் ஊற்றி, முட்டைகளோடு கூடையில் வைத்தேன். சுற்றிக் கட்ட வேறு துணி கிடைக்காததால் எங்கள் பேனரையே கிழித்துச் சுற்றினேன். 'அறிவியல் முறையில்' என்ற பாதி மட்டும் வெளியே தெரிந்தது. டாக்டர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிரைவரைத் திட்டியபடி வந்தார்.

தோட்டத்துக்காரர் வெளியே வந்தார். சரசக்கா இழுத்த 'ஆனா' அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அன்று முட்டைக் கேள்வி கேட்ட அதே பெரியவர்!

"வாங்க, வாங்க! கோழியே வேண்டாம்னு மைக்குல சொன்னது நீங்கதானுங்களே?"

டாக்டர் கூடையைப் பார்த்தார். பிறகு சரசக்காவைப் பார்த்தார். "நாந்தானுங்க. இப்ப வேணுமுங்க. மூணே நாளைக்கு" என்றார். அவர் பேசிய பேச்சுகளிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

பெரியவர் சிரித்துவிட்டார். "கொண்டாங்க இப்படி. ஆறிப்போயிரும்" என்று கூடையை வாங்கிக் கோழிகளின் வயிற்றடியில் ஒவ்வொன்றாகச் செருகினார். இரண்டும் கொத்திப் பார்த்துவிட்டு, போனால் போகிறது என்று இறக்கையை விரித்து மூடிக்கொண்டன. எங்களுக்குக் காப்பியும் கிடைத்தது.

நாலைந்து முட்டை கூமுட்டையாகிவிட்டது. மற்றதெல்லாம் பொரித்தது. சரசக்காவின் கூண்டு நிறைந்தது.

இதில் நான் கற்ற பாடம், அரசாங்கம் தாமதிக்கும் என்றுகூட நம்பக் கூடாது என்பதுதான். டாக்டர் கற்றது அடுத்த வருஷப் பொருட்காட்சியில் தெரிந்தது. மைக்கில் அதே பேச்சு, ஒரு சொல் மாறவில்லை. "இனிக் கோழியே வேண்டாம்!" என்று அவர் முழங்கும்போதெல்லாம் பின்னால் திரைக்குள்ளிருந்து ஒரு கொக்கரிப்பு கேட்டது. கரண்ட் போனால் இருக்கட்டும் என்று, அந்தக் குஞ்சுகளில் வளர்ந்த ஒன்றை, அடைக்கு உட்கார்ந்த கையோடு சரசக்காவிடம் இரவல் வாங்கி அங்கே உட்கார வைத்திருந்தார்.