திரை பிடித்தவர்

கள்ளக்குறிச்சியில் ஆசிரியர்களுக்கு நாடகப் பயிற்சி என்று அழைத்தபோது, போகாமலிருக்க என்ன காரணம் சொல்லலாம் என்றுதான் முதலில் யோசித்தேன். கல்லூரி விழாவில் ராணி வேடம் போட்டு, வசனம் மறந்து நின்றபோது அரங்கமே சிரித்தது. அன்றிலிருந்து மேடை என்றாலே எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். பிள்ளைகள் முன்னால் பாடம் நடத்துவது வேறு விஷயம். அங்கே பயப்படுவது அவர்கள்.

பயிற்சி தர வந்தவர் தெருக்கூத்து ஆடுகிற பெண், என்னைவிட இளையவர். பாவம், காலையிலேயே அவர் பாடு திண்டாட்டமாகிவிட்டது. அறை முழுக்க வாத்தியார்கள் அல்லவா? யாராவது எழுந்து வாயைத் திறந்தால் போதும், "தப்பு சார்", "சத்தமா டீச்சர்", "லகரம் சரியா வரல" என்று நாலாபக்கமும் திருத்தம் பறக்கும். கல்வராயன் மலையில் வேலை பார்க்கும் ஒரு தலைமையாசிரியர் திருத்துவதோடு நிற்காமல் சிரிக்கவும் செய்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மதியமே சங்கராபுரம் பஸ் ஏறிவிடுவது, இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று பையை மடியிலேயே வைத்திருந்தேன்.

அந்தப் பெண் கடைசியில் பொறுமை இழந்தார். "இன்னா சார், இங்க யாரும் பரீட்சை எழுத வரல. இனிமே யாரு திருத்துறாங்களோ அவங்க திரை புடிக்கணும்."

கூத்தில் வேடம் கட்டியவர் நேராக வந்து நிற்பதில்லை. இரண்டு பேர் குறுக்கே ஒரு துணியைப் பிடித்திருக்க, அதன் பின்னால் பாடி ஆடிவிட்டுத்தான் முகம் காட்டுவார். இங்கே அந்தப் பெண் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார். பின்னால் இருப்பவர் துணியைத் தொட்டால்தான் இறக்க வேண்டும். அதுவரை பிடிப்பவர் மூச்சு விடக் கூடாது.

சாப்பாட்டுக்கு முன்பே என்னைக் கூப்பிட்டுத் தொலைத்தார். தற்பெருமை பேசும் ராஜா வேடம். திரையின் ஒரு முனையில் ஒரு டீச்சர். மறுமுனையில், வேறு யார், அதே தலைமையாசிரியர்தான்.

பின்னால் போய் நின்றேன். வார்த்தை வரவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினேன். முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது தெரியாது. பக்கத்தில் முனையைப் பிடித்திருந்த தலைமையாசிரியருக்கு நன்றாகத் தெரிந்தது. இதோ சிரிக்கப்போகிறார் என்று காத்திருந்தேன். நேரம் போனது. தூக்கிப் பிடித்த அவர் கைகள் ஆடத் தொடங்கின, துணியும் சேர்ந்து ஆடியது. அவர் என் பக்கம் தலையைச் சாய்த்துக் கிசுகிசுத்தார்.

"மெதுவா வாங்க டீச்சர். புடிச்சிக்கினுதான் இருக்கேன். கை ஒண்ணும் வலிக்கல."

பச்சைப் பொய். வியர்வை அவர் முழங்கையில் வழிந்துகொண்டிருந்தது. அந்தப் பொய்யைக் கேட்டதும் என் தொண்டையில் என்னவோ இளகியது. "நான் யார் தெரியுமா?" என்று துணிக்குப் பின்னாலிருந்து கத்தினேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். நாட்டை, யானைகளை, மீசையைப் பற்றியெல்லாம் அளந்துவிட்டு, துணியைத் தொட்டேன்.

திரை இறங்கியது. எல்லா முகங்களையும் பார்த்ததும் அடுத்த வரி மறந்தது, கல்லூரியில் மறந்த மாதிரியே. ஆனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் அவசரம் வரவில்லை. ராஜாவாகவே முறைத்து, "என்ன பார்க்கிறீர்கள்? ராஜா மறந்தால் மந்திரி எடுத்துக் கொடுக்க வேண்டாமா?" என்றேன்.

அறை அதிரச் சிரித்தார்கள். ராஜாவைப் பார்த்துச் சிரித்தார்கள். துணியை மார்போடு சுருட்டிக்கொண்டு தலைமையாசிரியரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அப்பாடா என்று என் இடத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. நன்றாகவே அழுதேன். அதை யாரும் திருத்தவில்லை.