ஏகாம்பரம் குத்திவிட்ட சிவப்பு அட்டை

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, இடது கையில் இரண்டு ஊசிகளோடும் வலது கையில் செல்போனோடும் டயாலிசிஸ் கட்டிலில் நான் சாய்ந்திருந்தபோது அந்தச் செய்தி வந்தது. பேசியது என் மனைவி ஸ்டெல்லா.

"நம்ம ஏகாம்பரண்ணன் பூட்டாரு. டீ குடிச்சிட்டு பேப்பர் படிச்சிகினு இருந்தவரு அப்படியே சேர்ல சாஞ்சிட்டாராம்."

எழுந்து ஓடப் பார்த்தேன். சிஸ்டர் தோளை அமுக்கினார். "இன்னும் ஒண்ணே முக்கால் மணி நேரம் இருக்கு. அசையாதீங்க." என் ரத்தம் முழுவதும் இயந்திரத்துக்குள் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. அதை நடுவழியில் விட்டுவிட்டு நான் மட்டும் எம்.கே.பி. நகரில் இருந்த அவர் வீட்டுக்கு எப்படிப் போவேன்? ஆகவே படுத்தபடியே அவர்மேல் கோபப்பட ஆரம்பித்தேன். பதினெட்டு வருடத்தில் ஒருநாள்கூட அடுத்த ஆளிடம் சார்ஜ் கொடுக்காமல் இடத்தைவிட்டு நகராத மனிதர், இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் போகலாமா?

எங்களோடு வேலை பார்த்த நண்பர்களுக்கு இந்தக் கோபம் புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மணலியைத் தாண்டிச் சடையங்குப்பம் பக்கமாக இருந்த ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் பம்ப் ஹவுஸில் அவரும் நானும் ஆபரேட்டர்கள். ஒரே நாற்காலி, ஒரே லாக் புத்தகம், அடுத்தடுத்த ஷிப்டு. நான் கிளம்பும்போது அவர் வருவார். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம்தான் ஒருவரையொருவர் பார்ப்போம். உலகத்தில் சண்டையில்லாமல் நடந்த கல்யாணங்கள் எல்லாம் இந்த ஏற்பாட்டில்தான் நடந்திருக்க வேண்டும் என்பது என் ஆராய்ச்சி முடிவு.

அந்தப் பத்து நிமிடத்தில் அவரைப் பார்த்திருக்க வேண்டும். என்னைப் போன்ற அரிச்சந்திரன் எழுதியதையே நம்ப மாட்டார். ஒவ்வொரு பம்பின் மேலும், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல், புறங்கையை வைத்துப் பார்ப்பார். பிறகு லாக் புத்தகத்தை விரல் வைத்துப் படிப்பார். "வாயால சொல்றதெல்லாம் காத்தோட பூடும் மாமு. எய்து" என்பார். கடைசியில் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி, தினமும் அதே வாக்கியத்தைச் சொல்வார்: "ஓடிகினு கீது. நீ வூட்டுக்குப் போ." அது அவர் வாயிலிருந்து வராமல் நான் செருப்பை மாட்ட முடியாது.

ஒரு மழைக்காலத்தில் சடையங்குப்பம் ஏரியாகிவிட்டது. பஸ்கள் மணலியோடு திரும்பிவிட்டன. என் ஷிப்டு முடிந்து நான்கு மணி நேரமாகியும் ஆள் வரவில்லை. இனி இந்த பம்புகளோடுதான் என் முதுமை என்று நான் முடிவுகட்டியபோது, கழுத்தளவுத் தண்ணீரில் ஒரு தலை மிதந்து வந்தது. (இடுப்பளவு என்று ஸ்டெல்லா திருத்துகிறாள். எழுதுபவன் நான், கழுத்தளவாகவே இருக்கட்டும்.) தலைமேல் சட்டை, சட்டைமேல் டிபன் பாக்ஸ்.

"இன்னாத்துக்குய்யா இந்த வெள்ளத்துல வந்தே?"

"நான் வராங்காட்டி நீ எய்ந்து போவ மாட்டியே. அங்க ஸ்டெல்லா சோத்தை வச்சிகினு குந்தியிருக்கும்."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பம்புகளைத் தொட்டுப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். வூட்டுக்குப் போ என்றார். எந்தப் பக்கமாக நீந்துவது என்று மட்டும் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் என் இரண்டு சிறுநீரகங்களும் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்தன. பேச்சுவார்த்தைக்கே வரவில்லை. இனி டயாலிசிஸ்தான் என்றார் டாக்டர். அதற்காக இடது முன்கையில் ஒரு ரத்த நாளத்தை இன்னொன்றோடு இணைத்துத் தைத்தார்கள். அது ஊசி தாங்கும் அளவுக்குப் பருக்க இரண்டு மாதம் ஆகுமாம். அதுவரை கழுத்தில் ஒரு குழாய். உள்ளே அது இதயத்தின் வாசல்வரை போகும். வெளியே இரண்டு வால்கள் தொங்கும், ஒன்றுக்குச் சிவப்பு மூடி, ஒன்றுக்கு நீலம். சிஸ்டர் விதிகளைச் சொன்னார்: மேலே போட்ட கட்டை நனைக்கக் கூடாது, பிரிக்கக் கூடாது, இங்கே இருப்பவர்களைத் தவிர யாரும் தொடக் கூடாது, குளிரோ காய்ச்சலோ வந்தால் உடனே சொல்ல வேண்டும். "இதுல கிருமி ஏறினா நேரா ரத்தத்துலதான் போய் நிக்கும், அங்கிள்." நான் ஒரு மகாராஜாவின் கம்பீரத்தோடு தலையாட்டினேன்.

மூன்றாவது வாரம் எங்கள் மாதா கோயில் தேர்த் திருவிழா வந்தது. இராயபுரத்தில் முப்பது வருடமாகத் தேர் தள்ளியவன், நான் தள்ளாவிட்டால் தேர் நகராது என்று ஊரே நம்புகிறது (ஊர் என்றால் நான்), பிசுக்குத் தலையோடு போய் நிற்பதா? ஸ்டெல்லா பூசைக்குப் போன நேரம் பார்த்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். கழுத்துக் கட்டு நனைந்து, ரசத்தில் விழுந்த அப்பளம்போலத் தொங்கியது. உடனே ஒரு தொழிற்சாலைக்காரன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். அலமாரியிலிருந்த கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து, ஈரக் கட்டின் மேலேயே நான்கு பட்டை இழுத்து ஒட்டினேன். எங்கள் பம்ப் ஹவுஸில் அந்த டேப்புக்கு அடங்காத கசிவே கிடையாது. மேலே கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு தேருக்குப் போனேன். மறுநாள் டேப்பைப் பிய்த்து, கடைப் பஞ்சை வைத்து ஒட்டி, வேர்வையில் கழன்றுவிட்டது என்று சிஸ்டரிடம் ஒரு காவியம் பாடினேன். அவர் திட்டிக்கொண்டே புதுக் கட்டுப் போட்டார்.

ஏகாம்பரம் அந்த இரண்டு மாதமும் ஷிப்டை மாற்றிக்கொண்டு, நான் டயாலிசிஸில் இருக்கும் நேரமெல்லாம் பக்கத்து ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். வரும்போது ஒரு நீளமான நோட்டுப் புத்தகமும் வந்தது. எப்போது மாட்டினார்கள், எப்போது கழற்றினார்கள், நான் எத்தனை முறை பொய் சொன்னேன், எல்லாம் அதில் ஏறும்.

திருவிழாவுக்கு அடுத்த வாரம், மாட்டிய அரை மணியில் எனக்கு நடுக்கம் கண்டது. பல்லைக் கடித்து அடக்கினேன். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிப் போர்வை வாங்கிக்கொண்டேன். வீட்டில் காய்ச்சல் வந்தது, ஒரு மாத்திரையில் போனது. அதற்கு அடுத்த முறை வந்த நடுக்கத்தில் கட்டில் உருண்டு துறைமுகத்துக்கே போய்விடும்போல இருந்தது.

"இன்னா மாமு, இப்டி ஆடிகினு கீறே?"

"ஏசிய்யா. மனுசனைச் சாவடிக்கிறானுங்க."

அவர் நோட்டைப் பின்பக்கமாகப் புரட்டினார். "ஏசி எட்டு மணிக்கே போட்டாங்க. ஒம்போது வரிக்கும் நீ கல்லாட்டம் குந்தியிருந்தே. லைனைத் தொறந்தாங்க, அரை அவர்ல ஆட்டம். போன தபாவும் அதே அரை அவரு. அதுக்கு முந்தி ஏசி கீது, ஆட்டம் இல்லே. இது ஏசி இல்லே மாமு. கோளாறு லைன்ல கீது."

"நீ இன்னா டாக்டரா?"

"பம்ப் ஆபரேட்டரு. வால்வைத் தொறந்தா ஆடுது, மூடினா நிக்குதுன்னா எங்க பாக்கணும்னு தெரியாதா எனக்கு?" நோட்டை மூடினார். "லைன்ல யாரு வேலை பார்த்தது? பர்மிட் கீதா?"

எங்கள் தொழிற்சாலையில், எழுதி வாங்கிய அனுமதி இல்லாமல் எந்தக் குழாயிலும் யாரும் கை வைக்க முடியாது. நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"டபாய்க்காதே."

"தலைக்கு ஊத்திகினேன். தேருக்கு."

"அப்பால?"

"டேப்பு போட்டேன்."

"இன்னா டேப்பு?"

"நம்ம கறுப்பு டேப்பு."

கெட்ட வார்த்தை வரும் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன். வரவில்லை. "போன தபா ஆடினப்பவே கேட்டிருக்கணும். நீ கோவிச்சிக்குவேன்னு கேக்காம வுட்டேன் பாரு, தப்பு என்து" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. நோட்டைப் பிரித்து டேப்பையும் எழுதிக்கொண்டு, எழுந்து சிஸ்டரைக் கூப்பிட்டார். "டேப்பை மட்டும் வுட்டுடுய்யா" என்று அவர் சட்டையைப் பிடித்துக் கெஞ்சினேன். "எய்தினதை முச்சூடும் படிச்சித்தான் ஆவணும்" என்று டேப்பு உட்பட உரக்கப் படித்தார்.

உடம்பு அனலாகக் கொதித்தது. பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள், அன்றே குழாயை உருவினார்கள். டாக்டர் ஏகாம்பரத்தைத் தனியே அழைத்துப் போய், கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது, இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் இதயத்தின் வால்வில் போய் உட்கார்ந்திருக்கும் என்றாராம். திரும்பி வந்த மனிதரின் முகத்தில் ரத்தமே இல்லை. ஊசி மருந்து கைநரம்பில் ஏறியது. கிருமி அடங்கினால்தான் புதுக் குழாய். குழாய் இல்லாமல் டயாலிசிஸ் இல்லை. எத்தனை நாள் தாங்குவேன் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர்தான். ஸ்டெல்லா வராந்தாவில் செபமாலையோடு நின்றாள். அந்த இரண்டு நாளும் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதே நிலைமை எவ்வளவு மோசம் என்பதற்குச் சாட்சி.

மூன்றாம் நாள் காலை காய்ச்சல் விட்டது. ஏகாம்பரம் என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, தெர்மாமீட்டரையும் பார்த்துவிட்டு, பிறகுதான் எழுதினார். மறுநாள் கழுத்தின் அடுத்த பக்கத்தில் புதுக் குழாய் போட்டார்கள். "இதையும் கெடுத்தீங்கன்னா அடுத்து எங்க போடறதுன்னு நான் தேடணும்" என்றார் டாக்டர். ஊசி மருந்து அதற்குப் பிறகும் வாரக் கணக்கில் தொடர்ந்தது.

அன்று மாலை ஏகாம்பரம் ஒரு சிவப்பு அட்டையோடு வந்தார். தொழிற்சாலையில் ஒரு வால்வைப் பூட்டி வைத்தால் அதில் இப்படி ஓர் அட்டை தொங்கும். அதில் எவன் பெயர் இருக்கிறதோ அவன் வந்து கழற்றும்வரை, முதலாளியே வந்தாலும் அந்த வால்வைத் தொட முடியாது. புது அட்டை, பிளாஸ்டிக் உறை, பெரிய எழுத்து: "திறக்காதே. நனைக்காதே. டயாலிசிஸ் சிஸ்டர் தவிர யாரும் கை வைக்கக் கூடாது. – ஏகாம்பரம், பி ஷிப்டு." முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, குழாயின் பக்கமே போகாமல், என் சட்டைப் பையில் ஊக்கால் குத்தினார். "இது நீ பட்ச்சிப் பாக்கறதுக்கும்தான்" என்றார்.

மறுநாள் ஓர் இளம் டாக்டர் ரத்தம் எடுக்க வந்து, சுலபமாக இருக்கிறதே என்று குழாயின் பக்கம் கையைக் கொண்டுபோனார். அட்டையைப் படித்தார். "யாருங்க இந்த ஏகாம்பரம்? பெரிய டாக்டரா?"

"பி ஷிப்டு சார்" என்று ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றார் அவர். "கையில குத்தி எடுங்க சார். அவனுக்கு நல்லா வலிக்கட்டும்."

டாக்டர் சிரித்துவிட்டார். கையைக் கழுவிக்கொண்டு வந்து கையிலேயே குத்தினார். வலித்தது. அடுத்த வாரம் சிஸ்டரே அதுபோல ஆறு அட்டை கேட்டார். வார்டில் கழுத்துக் குழாயோடு இருந்தவர்கள் எல்லோரும் பி ஷிப்டின் பாதுகாப்புக்கு வந்தார்கள்.

முன்கை தயாரான அன்று கழுத்துக் குழாயை எடுத்தார்கள். அட்டையை ஏகாம்பரம்தான் கழற்றினார், விதி அப்படி. பிறகு என் முன்கையில், தையல் போட்ட இடத்தில், புறங்கையை வைத்தார். உள்ளே ரத்தம் ஓடும் அதிர்வு தோலுக்கு மேலேயே தெரியும், நன்றாக ஓடும் பம்பைத் தொட்டதுபோல. வெகுநேரம் கையை எடுக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. எண்ணூர் ஆலைப் புகை இவ்வளவு தூரம் வருகிறதே என்று நான் சொன்னேன், அவர் மறுக்கவில்லை.

"ஓடிகினு கீது. நீ வூட்டுக்குப் போ."

போனேன். ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து இரண்டு ஊசி குத்திக்கொள்கிறேன், மற்ற நாட்களில் ஊரையே ஏய்த்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறேன். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட நடுக்கம் வரவில்லை. அவரோ ஓய்வு பெற்ற பிறகும் அந்த வார்டை விடவில்லை. செவ்வாயும் சனியும் நோட்டோடு வந்து, புதிதாகக் கழுத்துக் குழாய் போட்டவர்கள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொள்வார். "இன்னா நைனா, தலைக்கு ஊத்தினியா?" என்பதுதான் அவருடைய நலம் விசாரிப்பு. என் டேப்புக் கதையைச் சொல்லாமல் ஒருவரையும் விட்டதில்லை. என் புகழ் புழல்வரை பரவியது அப்படித்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, இயந்திரம் என்னை விடுதலை செய்த பிறகு எம்.கே.பி. நகருக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார். அவர் மகள் கவிதா என்னைப் பார்த்ததும் உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தாள். "இன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு எட்த்துகினு போவ மேலயே வச்சிருந்தாரு மாமா." கடைசிப் பக்கம் சனிக்கிழமை எழுதியது: "அஞ்சாம் பெட், புது அம்மா. கழுத்து லைன். முடியும்போது லேசாக் குளிருதுன்னாங்க. ஏசின்னு சொல்றாங்க. நம்பாதே. செவ்வாய் மத்தியானம் பாக்கணும்." கீழே பழைய லாக் புத்தகத்தில் இருப்பதுபோலவே இரண்டு கோடுகள். சார்ஜ் கொடுத்தவர் என்ற இடத்தில் கையெழுத்து இருந்தது. சார்ஜ் எடுத்தவர் என்ற இடம் காலி.

சொல்லாமல் போய்விட்டார் என்று காலை முழுவதும் திட்டிய வாயை மூடிக்கொண்டு தெருவுக்கு வந்து, வார்டுக்குப் போன் செய்தேன். மணி ஒன்றரை. அந்த அம்மாவை அப்போதுதான் மாட்டப் போகிறார்களாம். "நிறுத்துங்க சிஸ்டர், முதல்ல காய்ச்சல் பாருங்க" என்றேன். பத்து நிமிடத்தில் அவரே திரும்பக் கூப்பிட்டார். "காய்ச்சல் இருக்கு, அங்கிள். வீட்டுலயும் ரெண்டு நாளா குளிராம். டாக்டரைக் கூப்பிட்டிருக்கேன்." அன்றே குழாயை மாற்ற ஏற்பாடு செய்தார்கள்.

அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். போன சனிக்கிழமை அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். நான்கு இட்லி சாப்பிட்டாராம். நாற்பது என்று எழுதக் கை துடித்தது, ஏகாம்பரத்தின் நோட்டு என்பதால் நான்கு என்றே எழுதினேன். "நான் ஏசின்னுதான் நெனச்சேன்" என்றார் அந்த அம்மா. நான் என் டேப்புக் கதையைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஏகாம்பரத்திடமிருந்து எனக்கு மிஞ்சியவை ஒரு சிவப்பு அட்டை, பாதி எழுதிய ஒரு நோட்டு, கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று தெரிந்தும் கேட்டுவிடும் பழக்கம். காலியாக இருந்த அந்தக் கோட்டின் மேல் அந்தோணி என்று கையெழுத்துப் போட்டேன். போடுவதற்கு முன், அவர் செய்வதுபோலவே, என் இடது முன்கையில் புறங்கையை வைத்துப் பார்த்தேன்.

ஓடிகினு கீது, ஏகாம்பரம். நீ வூட்டுக்குப் போ.