சம்பவ இடத்தில் இருந்த ஒருவர்

அந்தச் செருப்பு ஆலையில் அவளுக்குப் பெயரே 'ஸ்பானிஷ் அக்கா'தான். சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஸ்பானிஷைத் தவிர வேறு பாஷை தெரியாது. ஆலையில் அவளைத் தவிர வேறு யாருக்கும் ஸ்பானிஷ் தெரியாது. ஒப்பந்தமோ புகாரோ வாழ்த்தோ, எல்லாம் அவள் கை வழியாகத்தான் போயாக வேண்டும். முன்னூறு பேர் ஓடாய்த் தேய்கிற இடத்தில் ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் பாக்கியம் அவளுக்கு அப்படித்தான் வாய்த்தது.

'ஆட்கள்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மானேஜர் காலம் தள்ளிவிடுவார். அவளுக்கு அது கட்டாது. ஸ்பானிஷில் இடத்துக்கு ஒரு சொல் வேண்டும். ஆண்டு விழா வாழ்த்தில் 'ஹென்தே' என்று எழுதுவாள். நம்ம சனம் என்பதுபோல மனசைத் தொடும். ஷிப்டு அட்டவணையில் 'பெர்சொனால்'. அதில் முகமே இருக்காது, ஊழியர் கூட்டம் மட்டும்தான். லிப்டில் எத்தனை பேர் ஏறலாம் என்ற பலகைக்கு, தலையை எண்ணுகிற 'பெர்சோனாஸ்'. சேர்ந்த புதிதில் ஒருமுறை, கேன்டீனில் சாப்பிடுகிறவர்களைப் 'புவெப்லோ' என்று எழுதித் தொலைத்தாள். ஊரையும் நாட்டு மக்களையும் குறிக்கிற சொல் அது. உங்கள் ஆலை எப்போது தனி நாடானது என்று அங்கிருந்து கேட்டு மானத்தை வாங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவளுக்குச் சொல் தப்பியதே இல்லை.

இந்தப் படிப்பு அவளுடைய அக்கா போட்ட பிச்சை. அம்மா போன பிறகு தங்கையை வளர்த்தவள், தையல் மெஷினை மிதித்தே மாலை வகுப்புக்கு அனுப்பியவள். பதிலுக்குத் தங்கை செய்தது ஒன்றே ஒன்று. வேலையில்லாமல் இருந்த அத்தானை ஆலையில் சேர்த்துவிட்டாள். அதுவும் கான்டிராக்டர் மூலமாக. பதிவேட்டில் பெயர் ஏறாது. நாலாம் மாதம், அடிப்பாகம் ஒட்டுகிற பிரஸ்ஸில் அவருடைய வலது கை மாட்டிக்கொண்டது. மணிக்கட்டுக்குக் கீழே எதுவும் மிஞ்சவில்லை.

விபத்துச் செய்தி எப்படியோ எட்டி, வெளிநாட்டுக் கம்பெனி விளக்கம் கேட்டது. தங்கள் சரக்கைச் செய்யும் தொழிலாளிக்கு அடிபட்டால், செயற்கைக் கை முதல் ஆயுசு முழுக்க உதவி வரை கொடுக்க அவர்களிடம் ஒரு நிதி இருந்தது. அறிக்கையில் 'த்ரபஹதோர்', அதாவது தொழிலாளி, என்ற ஒரு சொல் இருந்தால் போதும். ஆனால் பதிவேட்டில் இல்லாதவரைப் பிரஸ்ஸில் நிறுத்தியது வெளியே தெரிந்தால் ஆர்டர் அம்போ.

மானேஜர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அத்தானுக்கு வேண்டியதையெல்லாம் ஆலையே பார்த்துக்கொள்ளும் என்றார். அவளை நிரந்தரமாக்குகிற காகிதம் மேஜைமேல்தான் இருக்கிறது என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவைத்தார்.

"பொய் எழுத வேணாம்மா. நம்ம ஆளுன்னு தெரியாத மாதிரி ஒரு சொல் போடு. உனக்கா தெரியாது?"

தெரியும். அதுதான் கொடுமை. வேறு யாராவது என்றால் தடுமாறி ஏதாவது எழுதி மாட்டிக்கொண்டிருப்பார்கள். அவள் பத்து நிமிடம் யோசித்து, 'சம்பவ இடத்தில் இருந்த ஒரு பெர்சோனா' என்று எழுதினாள். ஒருவர், அவ்வளவுதான். இதில் பொய் எங்கே? அத்தானும் ஒரு மனிதர்தானே, அங்கேதானே இருந்தார்! வெட்கக்கேடு, வாக்கியம் எவ்வளவு கச்சிதமாக அமைந்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது.

ஆலை சொன்னபடி பார்த்துக்கொண்டது, பத்து நாள். அப்புறம் ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. அவள் நிரந்தரமானாள்.

மூன்று மாதம் கழித்து அக்கா வரச் சொன்னாள். யூனியன்காரர் ஒருவர் பேச்சைக் கேட்டு அந்த நிதிக்கே நேராக மனுப் போட்டிருந்தார்கள். பதில் ஸ்பானிஷில் வந்திருந்தது. அத்தான் கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"வாம்மா. உள்ள நீ இருக்கறப்ப நமக்கென்ன கவலைன்னு இவகிட்ட சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்."

கடிதம் நாலே வரி. அதில் என்ன இருக்கிறது என்று அவள் எதைச் சொன்னாலும் அந்த வீட்டில் நம்புவார்கள். இன்னும் பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அத்தான் முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்ல முடியவில்லை. உள்ளதை உள்ளபடி படித்தாள். நிதி தொழிலாளர்களுக்கு மட்டும்தான். ஆலையின் அறிக்கைப்படி, அடிபட்டவர் சம்பவ இடத்தில் இருந்த ஒருவர். ஆகவே மனு தள்ளப்படுகிறது.

அக்கா அழுவாள், கத்துவாள் என்று பயந்தாள். அக்கா இரண்டும் செய்யவில்லை.

"அந்த ஆபீஸ்ல உன்னை விட்டா வேற யாருக்குடி அந்த பாஷை தெரியும்?"

மானேஜர்தான் சொன்னார் என்று அவள் ஆரம்பித்தாள். அத்தான் பொத்தானை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அக்கா எழுந்து வந்து அவள் கையிலிருந்த கடிதத்தை வாங்கிக்கொண்டாள். "அவருக்குச் சோறு ஊட்டணும். நீ கிளம்பு" என்றாள்.