ஐவி டார்டாஃபும் ‘ஸ்ட்ரே’ என்ற ஒரு சொல்லும்

யார்க்‌ஷயரில் எங்கள் ஸ்கார்பி கிராமத்துப் பள்ளி வேனை ஓட்டுபவர் ஐவி டார்டாஃப். ஐம்பத்து நான்கு வயதுப் பெண்மணி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பதினைந்து வயதிலேயே படிப்பை விட்டவர். காலையில் மலைப் பண்ணைப் பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுவந்து விடுவார், மாலையில் திருப்பிக் கொண்டுபோவார். நடுவில் கிடைக்கும் நேரமெல்லாம் அவருடைய எழுபது செம்மறி ஆடுகளுக்கு. பிள்ளைகள் தாமதமாகக் கிளம்பும் வீட்டு வாசல்களில் வேனை நிறுத்திக்கொண்டு செய்தித்தாளின் குறுக்கெழுத்துப் புதிரைப் போடுவார். பேனாவால்தான். பென்சிலும் ரப்பருமாக உட்கார்பவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம்.

ஆடுகள் மேய்வது ஊருக்கு மேலே, கோல்ட் எட்ஜ் என்ற மேட்டில். ஐவியின் தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலிருந்தே அங்கேதான். போன வருடம் அந்த மேட்டை விலைக்கு வாங்கிய புதுச் சொந்தக்காரர், காட்டுக்கோழி சுடுவதற்காகச் சுற்றிலும் வேலி போடப்போவதாக அறிவித்தார். மேய்ச்சல் உரிமை உண்டென்றால் எழுத்தில் காட்டட்டும் என்றார். காட்ட முடியாவிட்டால் எழுபது ஆட்டையும் விற்க வேண்டியதுதான். ஐவி வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புல் ஆறு ஆட்டுக்குக்கூடக் காணாது.

தேடியதில் சர்ச் அலமாரியில் பழைய ஊர்ப் பேரேடு ஒன்று கிடைத்தது. அதில் நாற்பது வருடங்களுக்கு, ஒவ்வொரு வசந்தத்திலும், ஒரே வரி: ‘டார்டாஃப் ஷீப் ஸ்ட்ரே, கோல்ட் எட்ஜ்.’

அதைப் பார்த்து ஊரே சோர்ந்துபோனது. ஸ்ட்ரே என்றால் வழிதவறிப் போவது. டார்டாஃபின் ஆடுகள் வழிதவறிக் கோல்ட் எட்ஜுக்குப் போகின்றன என்று ஊரே எழுதி வைத்திருக்கிறது. அப்படியானால் அது அத்துமீறல், உரிமை இல்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான், அதுவும் ஆங்கிலத்தில் பட்டம் வாங்கியவன். அதனால் என்னிடம்தான் முதலில் காட்டினார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். ஐவி பக்கங்களை நகலெடுத்துக்கொண்டு போய் வேனில் வைத்துக்கொண்டார். ஒரு வாரம் குறுக்கெழுத்துக் கட்டங்கள் காலியாகவே கிடந்தன.

மார்ச் மாதம் மெதடிஸ்ட் கூடத்தில் விசாரணை நடந்தது. லண்டனிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். சொந்தக்காரரின் வக்கீல் ஹார்கோர்ட் அந்த வரியை வாசித்துவிட்டு, எதிர்த்தரப்பே தன் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி உட்கார்ந்தார்.

வக்கீல் வைக்க வசதியில்லாத ஐவி தானே எழுந்தார்.

“அதை வினைச்சொல்லா படிக்கிறீங்க, கண்ணு,” என்றார். ஐவிக்கு எல்லோருமே கண்ணுதான், வக்கீல் உட்பட. “அது இங்க பெயர்ச்சொல். ஆடு மாடு மேய உரிமை இருக்கிற பொது நிலத்துக்கு ஸ்ட்ரேன்னு பேரு.”

யார்க் நகரத்தில் அந்தப் பெயரோடு இன்றும் புல்வெளிகள் இருக்கின்றன. நாங்கள் எல்லோரும் அவற்றில் நடந்திருக்கிறோம். வெறும் இடப்பெயராகவே கேட்டுப் பழகியதில் யாருக்கும் உறைக்கவில்லை.

அது யார்க்கின் வழக்கம், இந்த ஊர் எழுத்தர் எந்தப் பொருளில் எழுதினார் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று ஹார்கோர்ட் மறுத்தார். அதிகாரியும் அதையே கேட்டார்.

“எங்க ஊர்ல ஹாரின்னு ஒருத்தன் இருக்கான். காலையில தபால்காரன், மத்தியானம் கல்லறைக்குக் குழி வெட்டுறவன், ஞாயித்துக்கிழமை சர்ச்சுல ஆர்கன் வாசிக்கிறவன். ஆள் ஒண்ணுதான். இப்ப எந்த வேலையில இருக்கான்னு தெரியணும்னா பக்கத்துல என்ன இருக்குன்னு பாக்கணும். சொல்லும் அப்படித்தான்.”

பின்வரிசையில் ஹாரி எழுந்து நின்று வணக்கம் வைத்தான். அவனை இழுத்து உட்கார வைத்தார்கள்.

ஷீப் என்ற சொல்லில் சிக்கல் இருப்பதை ஐவி தானே ஒப்புக்கொண்டார். ஓர் ஆடும் ஷீப்தான், நூறு ஆடும் ஷீப்தான். அதை வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது. எனவே பக்கத்து வீட்டுக்காரரின் மாட்டைப் பார்க்கச் சொன்னார். அதே பக்கத்தில், அதே கையெழுத்தில்: ‘ஹெப்பிள்த்வைட் கௌ ஸ்ட்ரே, நெதர் பிட்ஸ்.’ வழிதவறியது ஒரு மாடு என்றால் ஸ்ட்ரேக்குப் பின்னால் ஓர் ‘எஸ்’ வரவேண்டும். பல மாடுகள் என்றால் கௌவுக்குப் பின்னால் வரவேண்டும். இரண்டு இடத்திலும் இல்லை. மாட்டுக்கான மேய்ச்சல் நிலம் என்று படித்தால் மட்டுமே வரி நேராக நிற்கிறது.

எழுதியவர் அதிகம் படிக்காதவர், ஓர் எழுத்தை விட்டிருப்பார் என்றார் ஹார்கோர்ட்.

“கீழ ரெண்டு வரி தள்ளிப் பாருங்க. ‘டூ பிக்ஸ் ஸ்ட்ரேய்டு’. பன்னி ரெண்டு வழிதவறினப்போ ஒரு எழுத்துகூட குறையலியே.”

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழே இரண்டு வரி தள்ளிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஹார்கோர்ட் கடைசியாக ஒன்றைப் பிடித்துக்கொண்டார். பெயர்ச்சொல்லாகவே இருக்கட்டும், காணாமல் போன ஆட்டையும் ஸ்ட்ரே என்று சொல்வதுண்டே?

“அப்போ ஒரே ஆடு நாப்பது வருசமா, வசந்தம் வந்தா கரெக்டா அதே மேட்டுல காணாமப் போயிருக்கு,” என்றார் ஐவி. “எங்க போச்சுன்னு எழுதத் தெரிஞ்ச ஊருக்கு, போய்க் கூட்டிட்டு வரத் தெரியலியா கண்ணு?”

கூடம் சிரித்து அடங்க நேரமாயிற்று. ஹார்கோர்ட் தன் தாள்களை அடுக்கத் தொடங்கிவிட்டார். தேநீர் இடைவேளைக்குப் பிறகு அதிகாரி தீர்ப்பை வாசித்தார். அந்தச் சொல் பெயர்ச்சொல்லே. கோல்ட் எட்ஜில் எழுபது ஆடுகள் மேய்க்கும் உரிமை ஐவி டார்டாஃபுக்கும் அவர் வழி வருபவர்களுக்கும் உண்டு. பதிவேட்டில் எழுதிவிட்டு, சரிபார்க்கும்படி அவரிடமே நீட்டினார். ஐவி நிதானமாகப் படித்து, விட்டுப்போயிருந்த ஒரு காற்புள்ளியைச் சுட்டிக்காட்டிப் போடவைத்தார்.

மறுநாள் காலை வேலிக் கம்பங்களோடு வந்த லாரி, ஒன்றைக்கூட இறக்காமல் மலைப்பாதையில் திரும்பி இறங்கியது. ஐவி பள்ளி வேனை ஓரங்கட்டி அதற்கு வழிவிட்டார். பிள்ளைகள் ஜன்னல்களில் தொங்கிக்கொண்டு லாரி கண்ணுக்கு மறையும்வரை கையசைத்துக் கத்தினார்கள். மற்ற நாளாக இருந்தால் ஓர் அதட்டு போட்டிருப்பார். அன்றைக்கு ஹாரனையும் சேர்த்து அடித்தார்.