'ம்' கொட்டக் கத்துகிட்ட கம்ப்யூட்டர்

உக்காருங்க, உக்காருங்க, பேச்ச நிறுத்துங்க; பேசுறதுக்குச் சம்பளம் வாங்குறவன் இங்க நான் ஒருத்தன்தான்! வாயக் கட்ட முடியாம அடி வாங்குன என் சொந்தங்களே, கேளுங்க. பெரம்பலூர்ல ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸ். நம்ம சனங்க பேச்சு மிஷினுக்குப் புரியணும். அதுக்கு நான் மைக்குல பல ஆளுங்க மாதிரி பேசுவேன். பேசுறவனுக்குக் கேக்க ஒரு ஆளு வேணும்ல, அதுக்கு ஆபீஸ்ல வேலை பாக்குற வசந்தா அக்கா எதிர்ல உக்காந்து கேக்கும். அது பேசாது, 'ம்' மட்டும் கொட்டும்.

வூடு வராத பங்காளி

மொத நாளு கரும்புக்காரர் குரல்ல எடுத்துவுட்டேன்: "எறையூர் மில்லுக்குக் கரும்பு ஏத்திட்டுப் போன டிராக்டர் சிறுவாச்சூர் கோயில் கூட்டத்துல மாட்டுனதப் பாக்கப் போன மச்சான் வுட்டுட்டு வந்த பைக்க எடுத்துட்டுப் போன பங்காளி இன்னும் வூட்டுக்கு வரல!"

மிஷின் அப்படியே நின்னுடுச்சு. உள்ள ஃபேன் மட்டும் உர்ர்ருங்குது. எதை எதோட சேக்குறதுன்னு இருக்குற வழி அத்தனையும் அது போட்டுப் பாக்குமாம். வார்த்த கூடக் கூட வழியும் குட்டி போட்டுகிட்டே போவுமாம். எஞ்சினியர் கார்த்தி சார் தலையில கைய வச்சுட்டாரு. "அண்ணே, இலக்கணமெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கேன். ஆனா உங்க பங்காளி வூடு வந்து சேர்றதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துடுவான்."

புள்ளி வைத்தியம்

"துண்டு துண்டா பேசுங்க"ன்னாரு கார்த்தி சார். "டிராக்டர் போச்சு. மாட்டிகிச்சு." மிஷின் சட்டுனு புடிச்சுகிச்சு. ஆனா சென்னையிலேருந்து வர்ற மொதலாளிங்க, அரியலூர் சந்தையில நெச ஆளுங்களப் பேசவச்சுத்தான் பாப்பாங்களாம். புரியலன்னா ஆபீசுக்குப் பூட்டு, எங்க மூணு பேருக்கும் வேலை காலி. நம்மூர்ல எவன் புள்ளி வச்சுப் பேசுறான்? டீக்கடைக்காரர்ட்ட பேசிப் பாத்தேன். "டீ வேணும். சக்கர வேணாம்." அவரு மொகம் சுருங்கிடுச்சு. "ஏம்ப்பா, எம்மேல எதும் கோவமா?"

அழிச்ச சத்தம்

ரெக்கார்டிங்ல வசந்தா அக்காவோட 'ம்'ம எல்லாம் எரைச்சல்னு சார் அழிச்சுகிட்டே இருந்தாரு. ஒருநாள் அலுப்புல அழிக்காம போட்டுக் கேட்டாரு. நான் ஒரு துண்டு, அக்கா ஒரு 'ம்'. துள்ளி எந்திரிச்சாரு. "அண்ணே, அக்கா மொத்தத்தையும் தலையில சுமக்கல! 'ம்'முங்குற எடத்துல ஒரு துண்ட முடிச்சு எறக்கி வச்சிடுது!"

சந்தை நாளு

மிஷினையும் அப்படியே பழக்குனாரு. ஒரு துண்டு முடிஞ்சா ஒரு 'ம்'; 'ம்' கொட்டிட்டா பழசக் கெளறக் கூடாது. சந்தையில கத்திரிக்கா விக்கிற அம்மா, ஆலத்தியூர் சிமெண்ட் லாரியில ஆரம்பிச்சு மருமவ சண்டை வரைக்கும் மூச்சு வுடாம இழுத்துச்சு. மிஷின் 'ம்... ம்...'முன்னு கேட்டு, கதைய அச்சு பிசகாம திருப்பிச் சொல்லிடுச்சு! மொதலாளிங்க கை தட்டுறாங்க. அந்தம்மா வாயப் பொளந்துடுச்சு. "எம்புருசன் ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லயே!"

ஆபீஸ் தப்பிச்சுது, வேலை தப்பிச்சுது. வர்ற வழியெல்லாம் என் வாயாலதான் எல்லாரும் பொழச்சோம்னு ஒரே வாக்கியத்துல பெரம்பலூர் வரைக்கும் பீத்திகிட்டே வந்தேன். ரொம்ப நேரமா 'ம்' வரலியேன்னு திரும்பிப் பாத்தா, கூட வந்த வசந்தா அக்கா சொல்லுது: "அதான் மிஷின் கத்துகிச்சுல்ல, இனிமே அதுகிட்ட பேசு."