ஒன்பது வரி, இருபத்தைந்து கட்டம்

தி. நகரில் நான் வேட்டிப் பிரிவில் நிற்கும் ஜவுளிக்கடைக்கு வாரத்தில் இரண்டு நாள் சண்முகவடிவு வருவார். கடையின் கம்ப்யூட்டர் புரோகிராம் அவர் எழுதியது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. படம் கிடையாது, மவுஸ் கிடையாது. இருபத்தைந்து வரி, வரிக்கு எண்பது கட்டம். கர்சர் எப்போது எந்த வரியில் எந்தக் கட்டத்தில் நிற்கும் என்று கேட்டால், தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே சொல்வார். எண்ணுவது மட்டும் பூஜ்யத்திலிருந்து. எங்கள் லிஃப்டில் தரைத்தளத்துக்கு 0 என்று போட்டிருப்பதை மெச்சிய ஒரே ஆள் அவர்தான்.

ஐம்பத்து நான்கு வயது. அசோக் நகரில் சொந்த வீடு. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்கள் யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் தன் புரோகிராமில் தவறு என்று அவர் ஒப்புக்கொண்டதும் இல்லை. பிரிண்டர்மேல் பழி போடுவார், கரண்ட்மேல் போடுவார், ஒருமுறை எலிமேல் போட்டார். எலி விஷயத்தில் அவர் சொன்னது சரி.

போன ஆவணியில் முதலாளி சுப்பராயன் அண்ணாச்சிக்கு ஒரு குறை வந்தது.

“துண்டுச் சீட்டு எழுதினாலும் மேல பிள்ளையார் சுழி போடுதோம். இந்தத் திரையில மட்டும் ஏம்மா இல்ல?”

உச்சியில் இடமில்லை. சண்முகவடிவு எல்லாவற்றையும் ஒரு வரி கீழே இறக்கிவிட்டு மேலே ‘உ’ போட்டார். அரை மணி நேர வேலை. அண்ணாச்சி மானிட்டருக்குச் சந்தனம் வைத்தார்.

மறுநாளே மாம்பலத்து மணப்பெண்ணுக்குப் போரூர் மணப்பெண்ணின் பிளவுஸ்கள் போய்விட்டன. அன்றைக்கே இன்னும் இரண்டு பை மாறியது. தைத்த துணி கொடுக்கும் கவுன்டர் அஃப்சருன்னிசாவுடையது. பதினெட்டு வருஷமாக அங்கே ஒரு பை மாறியதில்லை.

“கவுன்டர்ல நிக்க அந்தம்மாவுக்கு முடியலியோ? வேற ஆளு போட்டுருவமா?” என்றார் அண்ணாச்சி. சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, மெதுவாகக் கேட்டார்.

சண்முகவடிவு அந்தக் கவுன்டருக்குப் போய் அரை மணி நேரம் சும்மா நின்று பார்த்தார். நானும் அட்டைப்பெட்டி தேடுகிற சாக்கில் நின்றேன். மானிட்டரின் ஓரத்தில் பச்சை டேப் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. அஃப்சருன்னிசா சீட்டு நம்பரை அடிப்பார், டேப்பை விரலால் தடவுவார், அதற்கு நேரே உள்ள எண்ணைப் படித்து அந்த ரேக்குக்குப் போவார். திரையில் வேறெங்கும் பார்க்கவே இல்லை. டேப்புக்கு நேரே வந்துகொண்டிருந்த ரேக் நம்பர் இப்போது ஒரு வரி கீழே இருந்தது. டேப்புக்கு நேரே வந்திருந்தது எத்தனை உருப்படி என்ற எண். ஆறு பிளவுஸ் என்றால் ஆறாம் ரேக்.

“எத்தனை நாளா இப்படி?”

“ரெண்டு வருசமாக்கா. கண்ல பிரஷராம், சொட்டு மருந்து குட்த்துகீறாங்க. நடுவுல மட்டும்தான் தெரியுது, சுத்தி ஒண்ணும் தெரில. கர்சரைத் தேடறதுக்குள்ள உசுரு பூடுது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. பொண்ணு நர்சிங் முடிக்க இன்னும் ஒன்றரை வருசம் கீது.”

சண்முகவடிவு நேரே அண்ணாச்சியிடம் போனார். “புரோகிராம்ல ஒரு வரி தப்பிடுச்சு. என் தப்பு” என்றார். அண்ணாச்சிக்குக் கோபப்படவே மறந்துபோயிற்று. நான் வேட்டி மடிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் கடை திறக்குமுன் சண்முகவடிவு அஃப்சருன்னிசாவைத் திரைமுன் உட்காரவைத்தார். திரையின் நடுவில் ஒரு கூட்டல் குறி. கண் அதைவிட்டு நகரக் கூடாது. வேறு வேறு கட்டத்தில் ஒரு நட்சத்திரம் வந்து போகும். தெரிந்தால் ஸ்பேஸ் பாரைத் தட்ட வேண்டும். ஒரு மணி நேரம் ஆயிற்று. தட்டாத நேரம்தான் அதிகம். எட்டாம் வரியிலிருந்து பதினாறு வரை, இருபத்தெட்டாம் கட்டத்திலிருந்து ஐம்பத்திரண்டு வரை தெரிந்தது.

அந்தக் கவுன்டருக்கு மட்டும் அதே அளவில், அதே இடத்தில் ஒரு சின்ன விண்டோ போட்டார். விண்டோவுக்குள் வரியும் கட்டமும் எண்ணுவது மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். கர்சர் அதைத் தாண்டிப் போகாது. அதற்கப்புறம் பை மாறவில்லை. அண்ணாச்சி கேட்டதற்கு, புது மாடல் என்று சொல்லிவிட்டோம்.

பங்குனியில் மறுபடியும் நட்சத்திரத்தை ஓடவிட்டார்கள். முடிந்ததும் சண்முகவடிவு தெரிந்த வரிகளைத் திரையில் விரல் வைத்து இரண்டு முறை எண்ணிப் பார்த்தார்.

“எவ்ளோக்கா கீது?” என்றார் அஃப்சருன்னிசா.

“ஏழு வரி.”

அஃப்சருன்னிசா விரல்விட்டு எண்ணினார்.

“சீட்டு நம்பரு, பேரு, ரேக்கு. மூணுதானே வோணும்? நாலு வரி எக்ஸ்ட்ராவே கீதுக்கா. சின்னதா மாத்திக் குடுங்க, கடை தொறக்கப் போறாங்க.”