அணைந்துவிட்டது என்று சொன்னவன்

பயர் சர்வீஸில் சேர இண்டர்வியூவுக்குப் போகிற பிள்ளைகள் சிலர் என்னிடம் வந்து, "என்ன கேப்பாக, என்ன சொல்லணும்?" என்று கேட்கிறார்கள். நான் போன இண்டர்வியூ பற்றி எழுதுகிறேன். படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எனக்கு ஊர் ஜெயமங்கலம். பிழைப்புக்காகத் தேனியில் குடியிருந்து, பருத்தியில் கொட்டை நீக்குகிற ஒரு ஜின்னிங் பாக்டரியில் பிரஸ் வேலை பார்த்தேன். பஞ்சை அமுக்கி, இரும்புப் பட்டை போட்டு பேல் கட்டுகிற வேலை. மதுரை பயர் ஸ்டேஷனுக்கு ஆள் எடுக்கிறார்கள், பெரியகுளத்திலேயே இண்டர்வியூ நடக்கிறது என்று தெரிந்ததும் பாக்டரியில் மூன்று பேர் மனுப் போட்டோம். பாக்டரியில் கணக்கு எழுதுகிற ரைட்டர் நல்ல மனிதர். கேள்வியும் பதிலுமாக ஒரு தாளில் எழுதி மூன்று பேருக்கும் கொடுத்தார்.

வீட்டில் அதை உருப்போட்டேன். "உயிரைத் துச்சமாக மதித்து மக்களைக் காப்பதே என் லட்சியம்."

என் மனைவி பேச்சியம்மாள் என் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவளும் அதே பாக்டரியில் பஞ்சு பொறுக்கியவள்தான்.

"தீப்பிடிச்ச எடத்துல நின்னுருக்கியான்னு கேட்டா என்ன சொல்லுவீக?"

"கொடோன்ல தீயை நான்தான் அணைச்சேன்னு சொல்லுவேன்."

"சின்னச்சாமி அண்ணன் கை வெந்ததையும் சொல்லுவீகளா?"

தாளை மடித்து வைத்தேன்.

நடந்தது இதுதான். போன மாசியில் கொடோனில் ஒரு பேல் புகைந்தது. வாளி வாளியாக ஊற்றினேன். புகை நின்றது. "அணைஞ்சிருச்சு, வாங்க" என்று கத்தினேன். அதை நம்பி, என்னோடு பிரஸில் வேலை பார்த்த சின்னச்சாமி பட்டையை வெட்டினான். பேல் பிளந்ததும் உள்ளே கனன்றுகொண்டிருந்த தீ காற்றுப் பட்டுக் குப்பென்று எழுந்து அவன் கையைச் சுட்டுவிட்டது. அணைந்துவிட்டது என்று யார் சொன்னது என மானேஜர் கேட்டபோது, தெரியாது என்று சொல்லிவிட்டேன். வலது கையில் மூன்று விரல் மடங்காமல் போய், அவனைக் கேட் காவலுக்கு மாற்றினார்கள். அந்தக் கேட் வழியாகத்தான் தினமும் தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குப் போனேன்.

பேச்சியம்மாள் நூலைக் கடித்துவிட்டுச் சொன்னாள்: "ஆபீசர்ட்ட சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். அந்த அண்ணன்ட்ட சொல்லாம அங்கன போகாதீக."

மறுநாள் காலையில் கேட்டில் அவன் தனியாக இருந்தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். கத்தியது நான்தான் என்று சொல்லி முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, உன் குரலு எனக்குத் தெரியாதா? எட்டு மாசமா நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன்."

"வேலைக்காக வரலைண்ணே."

"வேலைக்காகத்தான் வந்துருக்க. இருந்தாலும் வந்துட்ட. போ, போய்ச் சொல்லு. கூட்டாம கொறைக்காம சொல்லு."

அடுத்த நாள் பெரியகுளத்தில் முதலில் ஓட்டம், பிறகு மணல் மூட்டை தூக்குவது. அதன் பிறகு தாலுகா ஆபீஸ் அறையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். நான் மூன்றாவது ஆள். மதுரையிலிருந்து வந்த ஆபீசர் கேட்டார்: "இந்த வேலைக்கு ஏன் வர்றே?"

"உயிரைத் துச்சமாக..." என்று தொடங்கினேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"முன்னாடி வந்த ரெண்டு பேரும் இதையேதான் சொன்னாங்க. உங்களுக்கெல்லாம் ஒரே வாத்தியாரா?"

தாளில் இருந்த மற்ற பதில்கள் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. பேலைப் பற்றிச் சொன்னேன். நான் கத்தியது, அவன் வெட்டியது, மானேஜரிடம் பொய் சொன்னது, முந்தின நாள் கேட்டில் அவனிடம் போய் நின்றது எல்லாம் சொன்னேன்.

"தீக்குள்ள போகப் பயமா?"

"பயம்தாங்கய்யா."

"அந்த பேலை இப்பக் குடுத்தா என்ன செய்வே?"

"பட்டையை வெட்ட மாட்டேங்கய்யா. வெளிய வெட்டவெளிக்கு உருட்டிக் கொண்டுபோயி, தண்ணி ஊத்தி, கை வச்சுப் பாப்பேன். சூடு இருந்தா அணைஞ்சுதுன்னு சொல்ல மாட்டேன்."

அவர் எதையோ எழுதினார். போகலாம் என்றார். வேலை கிடைக்காது என்றுதான் வீட்டில் சொன்னேன். பேச்சியம்மாள், "போகட்டும்" என்றாள். அந்த வாரம் கேட்டைக் கடக்கும்போதெல்லாம் சின்னச்சாமி முகத்தைப் பார்த்துப் பேசினேன். எட்டு மாதத்தில் அதுவே முதல் தடவை.

உத்தரவு வந்தது. எனக்கும், ஓட்டத்தில் முதலாவதாக வந்தவனுக்கும்.

பல வருஷம் கழித்து மேஜைக்கு அந்தப் பக்கம் நானும் உட்கார்ந்திருக்கிறேன். தப்பே செய்யாதவன் என்று யாராவது பேசினால் இன்னொரு கேள்வி கேட்பேன். ஆகவே பதிலைத் தயார் செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதிலில் வேறொருவர் பட்ட கஷ்டம் இருந்தால், முதலில் அவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். அதன் பிறகு எந்த ஆபீசர் முன்னாலும் உங்களுக்கு நாக்குக் குழறாது.